படித் திருப்பத்து அறை

அக்டோபர் 3

அக்காவுக்கு,

இல்லை, என் செடிகளில் இல்லை. தொட்டிகளுக்கு அடியில் வைத்திருக்கும் தட்டுகளை நேற்றே கவிழ்த்துப் பார்த்தேன். மண். ஒரு எறும்புச் சாரை. கொசுப்புழு இல்லை. நம்பிக்கை இல்லையென்றால் உன் மகளைக் கேள். சுண்டுவைச் சாட்சியாக நிறுத்திவைத்துக்கொண்டுதான் கவிழ்த்தேன்.

அவள் இப்போது படித் திருப்பத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அம்மாவின் அறைக்கதவில் சாய்ந்தபடி. உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்கிறாள். "தபால்காரங்க வீட்டுக்குள்ள வரமாட்டாங்க சித்தி. வெளியதான் நிப்பாங்க. பதில் இல்லாம வராதேன்னு அம்மா சொல்லியிருக்கா." உன் வாய் அப்படியே வந்திருக்கிறது. கணுக்காலைச் சொறிந்துகொண்டே ஏதோ பாடுகிறாள். அதனால் சீக்கிரம் முடிக்கிறேன்.

பக்கத்து வீட்டு மெக்கானிக்கை இன்று காலை காய்ச்சலோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நடந்து வந்துதான் வண்டியில் ஏறினார். ஏறும்போது என்னைப் பார்த்துவிட்டார். "பாப்பா, சைக்கிள் செயின் மாத்தியாச்சு. பட்டறையிலதான் நிக்குது, எடுத்துக்க." முகம் வேக வைத்த மாதிரி சிவந்திருந்தது. கண்ணைத் திறக்கவே கஷ்டப்பட்டார். அந்த நிலையிலும் செயின்.

தெருவே கொசு வளரும் தண்ணீரைத் தேடிக்கொண்டிருக்கிறது. நீ என் தொட்டிகளைத் தேடுகிறாய். சரி. ஆனால் தண்ணீர் என்று பேச்சு வந்தபிறகு ஒன்று சொல்ல வேண்டும். மே மாதம் நீ மாடிக்குத் தண்ணீரை மூடினாய். நான் கீழே இறங்கி வந்து வால்வைத் திறந்துகொண்டேன். அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

உன் குரல் என் காதில் விழவே கூடாது என்று சொன்னவள் நீ. விழவில்லை. எழுத்தைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை.

தங்கை

•

அக்டோபர் 5

மேல்மாடி மகாராணிக்கு,

எழுத்தைப் பற்றிச் சொல்லவில்லையாம். வக்கீலுக்குப் படித்திருக்கலாம் நீ. அச்சகத்தில் உட்கார்ந்து அடுத்தவன் எழுதியதில் காற்புள்ளி வைப்பதற்குப் பதிலாக.

என் டிரம்களை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று சுண்டுவிடம் கேள். வாயில் லைனிங் துணி போட்டு, எலாஸ்டிக் கோத்துக் கட்டியிருக்கிறேன். கொசு என்ன, அதன் மூச்சுக்கூட உள்ளே போகாது. தையல்காரி வீட்டுத் தண்ணீர்கூட சட்டை போட்டுக்கொண்டிருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். சிரிக்கட்டும்.

குற்றவாளி எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். மெக்கானிக் பட்டறைக் கூரைமேல் கிடக்கும் பழைய டயர்கள். நேற்று நானே போய் அவன் பெண்டாட்டியிடம் கேட்டேன். "நாலு ஓட்டை டயருக்காகத் தெருவையே படுக்கப்போடப் போறீங்களா? உன் புருஷன் படுத்தது பத்தலையா?" அவள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று வீட்டுக்கு வந்ததும் தோன்றியது. ஆனால் சொல்ல வேண்டியதை யாராவது சொல்லத்தானே வேண்டும்?

நகராட்சி ஆள் வந்தான், டார்ச்சும் சாக்பீஸுமாக. என் வீட்டில் மூலை முடுக்கெல்லாம் பார்த்தான். ஒன்றுமில்லை. படியேறும்போது அம்மா அறையின் இரண்டு பூட்டுகளையும் பார்த்து நின்றுவிட்டான்.

"என்னம்மா இது, நகைக்கடையா?"

"எங்கம்மா ரூம். செத்துட்டாங்க. ஒரு சாவி என்கிட்ட, இன்னொண்ணு மேல இருக்கிறவகிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் திறக்கும். எங்க மாமா போட்ட சட்டம்."

"அப்ப கூப்பிடுங்க அவங்கள."

"கூப்பிடறதா? நாங்க பேசிக்கறதே இல்ல."

அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்றான். சொட்டு இல்லை, அந்த அறைக்குப் போகிற வால்வை அம்மா போன பிறகு நானே மூடிவிட்டேன் என்றேன். பார்த்தாயிற்று என்று கதவில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போய்விட்டான். சாயங்காலம் தெருவுக்குப் புகை அடித்தார்கள். தைத்து வைத்த பள்ளிக்கூடச் சட்டைகளெல்லாம் மண்ணெண்ணெய் வாடை.

சுண்டுவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. போன வருடம்தான் அவளுக்கு இந்தக் காய்ச்சல் வந்து, ரத்தம் பார்த்து, இதுதான் என்று சொல்லி, ஆறியும் விட்டதே. ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் கிட்டவே வராதாம். அம்மை மாதிரி. நீயும் நானும்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
திருடி
(நீ வைத்த பேர்தானே?)

•

அக்டோபர் 6

அக்காவுக்கு,

அந்த வார்த்தையை மட்டும் கையெழுத்தாகப் போடாதே. சொன்னது தப்பு என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அதே சமயம், அம்மாவின் துணிகளை நான் விடுதியிலிருந்து வந்து சேர்வதற்குள் யார் யாருக்கோ கொடுத்துவிட்டாயே. ஒரு துணி. முகம் புதைக்க ஒரே ஒரு துணி வைத்திருக்கலாம். இரண்டு எண்ணமும் எனக்குள் ஒரே பாயில் படுக்கின்றன.

அது இருக்கட்டும். இன்று எழுத வந்தது வேறு.

அம்மை மாதிரி இல்லை. நகராட்சியின் துண்டுப் பிரசுரம் எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகிறது, நான்தான் பிழை திருத்தினேன். வரிகள் மனப்பாடமாகிவிட்டன. இந்தக் காய்ச்சலில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த ஒரு வகைக்குத்தான் காப்பு. வேறு வகை வந்தால், இரண்டாவது முறை வருவது முதல் முறையைவிட மோசமாகலாம். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. எழுதாமலிருக்கவும் முடியவில்லை.

இன்னொன்று. சாக்கடைக் கொசு இல்லை இது. நல்ல தண்ணீரில் முட்டையிடும். பகலில் கடிக்கும். கால்களில் வெள்ளை வரி இருக்கும். இன்று பகலில் படியில் ஒன்றைப் பார்த்தேன். சுவரில் உட்கார்ந்திருந்தது, ரொம்ப அமைதியாக. அடிப்பதற்குள் போய்விட்டது.

அம்மாவின் அறையிலிருந்து எனக்கு ஒரு சத்தம் கேட்கிறது. என் சமையலறைக்கு நேர் கீழே அது. சொட்டு. நீண்ட இடைவெளி. சொட்டு. ரொம்ப நாளாகக் கேட்கிறது. எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. உள்ளே யாரோ இருக்கிற மாதிரி.

திறந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நீ கேட்டால் என் சாவியோடு வருகிறேன்.

தங்கை

•

அக்டோபர் 8

படித்த மேதாவிக்கு,

மெக்கானிக் போய்விட்டான்.

நேற்று மத்தியானம். காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் அவன் பெண்டாட்டி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன ஆயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை. போகும்போது நடந்து போனவன் வரும்போது அப்படி வந்தான்.

இன்று காலை நகராட்சி லாரி வந்து டயர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் உள்ளேயே இருந்தாள். "புருஷனைத் தின்னது அவன் வெச்ச டயர்தான்" என்று எதிர்வீட்டுக்காரி அவள் காதில் விழும்படியே சொன்னாள். இந்தமுறை நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை. முன்னமே திறந்தவள் நான்தானே.

இந்த நேரத்தில் உன் கடிதத்தைப் படிக்கிறேன். இரண்டாவது முறை மோசமாம். யார் வீட்டுப் பிள்ளைக்கு எழுதுகிறாய் இதை? பிள்ளை பெறாதவள் கைக்குப் பேனா கிடைத்தால் எதையும் எழுதிவிடுமா? மை காயுமுன் பலித்துத் தொலைக்கப்போகிறது என்று அடுப்பில் போட்டேன். பிறகு எடுத்து அணைத்தேன். ஓரம் கருகியிருக்கிறது.

சத்தம் உன் குளியலறையில்தான். உன் குழாயை நீ ஒழுங்காக மூடு. அம்மா இருந்தபோதே அந்த அறை ஒரு சொட்டு ஒட்டாமல் எண்ணெய் தேய்த்த சிலை மாதிரி இருக்கும்.

சாவி வேண்டுமா? நீ கேட்டால் வருகிறேன் என்கிறாய். நான் ஏன் கேட்க வேண்டும்? மூத்தவள் நான். நீ வந்து என் வாசலில் நின்று "அக்கா" என்று வாய் திறந்து கூப்பிடு. சாவி என்ன, பூட்டையே தருகிறேன். நான்தான் கூடாது என்றேன் என்று மறுபடி சட்டம் பேசாதே.

சுண்டு அவசரப்படுத்துகிறாள், தபால் நேரமாம். அங்கே படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடமும் எழுதுகிறாளாம். உன் பதில் அத்தனை நீளம்.

அக்கா

•

அக்டோபர் 11

அக்காவுக்கு,

இன்று தபால் வரவில்லை. நேற்றும் வரவில்லை. கோபமாக இருப்பாய் என்று நினைத்தேன்.

இன்று மத்தியானம் கீழே யாரோ வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது. தையல் மெஷின் ஓடவில்லை.

படியில் சுண்டுவின் பென்சில் கிடக்கிறது. எடுத்து வைத்திருக்கிறேன்.

இதை நானே உன் கதவுக்கடியில் போடுகிறேன். தட்டலாமா என்று நின்றேன். வாயில் வார்த்தை இருந்தது. வரவில்லை.

என்ன ஆயிற்று? ஒரு வரி போதும்.

•

அக்டோபர் 12, காலை

ஒரு வரி கேட்டாய். காய்ச்சல். போதுமா?

முந்தாநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே அனல். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறாள். கால் கையெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறதாம். நேற்று வாந்தி. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். தினமும் கொண்டுவந்து காட்டச் சொன்னார் டாக்டர். உடம்பு வலிக்கென்று மருந்துக்கடைக்காரரிடம் நானே கேட்டு ஒரு மாத்திரை வாங்கி வந்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை.

அவள் அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். கப்பல் நடுக்கடலில். அவருக்கு எப்போது சேருமோ.

நீ மேலே இருந்து எழுதினாய், கீழே நடந்துவிட்டது. உன்மேல் பழி போடவில்லை. போடாமலும் இருக்க முடியவில்லை. நீதானே இப்படியெல்லாம் எழுதுவாய்? நானும் எழுதிப் பார்த்தேன்.

கதவைத் தட்டாதே. உன்னைப் பார்த்தால் எழுந்து குதிப்பாள்.

•

அக்டோபர் 12, பிற்பகல்

அக்கா,

அந்த வலி மாத்திரையைக் கொடுக்காதே. தயவுசெய்து. இதில் அது ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும். நீர் நிறையக் கொடு. உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகள், பழச்சாறு, ஒரு கொசுவலை, எல்லாம் உன் வாசலில் வைத்திருக்கிறேன். வலையைப் பகலிலும் கட்டு. அவளைக் கடித்த கொசு அடுத்து உன்னைக் கடிக்கும்.

ரத்த முடிவு வந்ததும் கதவுக்கடியில் போடு.

மெக்கானிக்கின் மனைவி தெருவில் நிற்கிறாள். வீட்டு வாசலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். ஈரம் காய்ந்ததும் மறுபடி தேய்க்கிறாள். யாரும் அவளிடம் பேசுவதில்லை. நானும் என் சைக்கிளை எடுக்கப் போகவில்லை.

•

அக்டோபர் 13

மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டேன். உனக்காக இல்லை.

முடிவு வந்துவிட்டது. அதேதான்.

சித்தி ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். எழுதினாள், நீ தூங்கினாய் என்றேன். "அப்ப யாரு தபால் கொண்டுவந்தா?" என்றாள். கதவு என்றேன். சிரித்தாள். காய்ச்சல் இன்னும் அனலாகத்தான் இருக்கிறது, ஆனால் சிரித்தாள்.

•

அக்டோபர் 15, காலை

தங்கச்சிக்கு,

விட்டுவிட்டது! விடியும்போது தொட்டுப் பார்த்தேன், நெற்றி ஜில்லென்று இருக்கிறது. இத்தனை நாள் அடுப்புமேல் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தேன். இப்போதுதான் இறங்கினேன்.

கையும் காலும்கூட ஜில்லென்று, வேர்த்து, பிசுபிசுப்பாக இருக்கிறது. காய்ச்சல் இறங்கும்போது அப்படித்தானே? வயிறு வலிக்கிறது என்று முனகுகிறாள். இத்தனை நாள் சாப்பிடாத வயிறு, வலிக்காமல் என்ன செய்யும். சாறு கொடுத்தால் வெளியே தள்ளிவிடுகிறாள். நன்றாகத் தூங்குகிறாள், எழுப்பினால்கூட எரிச்சல்படுகிறாள். தூங்கட்டும். கிளினிக்குக்கு இன்று போகவில்லை. காய்ச்சல் இல்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தால் இல்லாததும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவின் துணிகளைக் கொடுத்தது, அவற்றைப் பார்த்துக்கொண்டு என்னால் இந்த வீட்டில் நடமாட முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். நீ வரும்வரை ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை.

இந்தக் காகிதத்துக்குள் என் சாவி இருக்கிறது. வாசலில் நின்று கூப்பிட வேண்டாம். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, சேர்ந்து திறப்போம். சுண்டுவும் எழுந்துவிடுவாள்.

நீ அச்சகத்துக்குப் போய்விட்டாய் போலிருக்கிறது, செருப்பைக் காணோம். கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். சாயங்காலம் வந்து பார்.

அக்கா

•

அக்டோபர் 18

அக்கா,

சாப்பாட்டுப் பையில் இதை வைத்து அனுப்புகிறேன். மருத்துவமனைக் காவலாளி இன்றும் உள்ளே விடவில்லை. வார்டில் ஒரு ஆள்தானாம். உன் போன் வீட்டிலேயே இருக்கிறது, தையல் மெஷின்மேல். அடிக்கடி அடிக்கிறது. எடுத்து, சுண்டுவின் அப்பாவிடம் நான் பேசிவிட்டேன். வந்துகொண்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். "ஜில்லென்று" என்ற இடத்துக்குமேல் படிக்கவில்லை. சாவி எங்கோ விழுந்தது. பிரசுரத்தில் அந்த வரிக்குத்தான் நான் தடித்த எழுத்து போடச் சொல்லியிருந்தேன்: காய்ச்சல் விடும் நாளில்தான் கவனம் வேண்டும். உனக்கு மாத்திரை எழுதினேன், வலை எழுதினேன், அதை எழுதவில்லை. மெக்கானிக் அப்படித்தான் போனார் என்று நீயே எனக்கு எழுதியிருந்தாய். அப்போதும் எழுதவில்லை.

நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. நீ கதவைத் திறந்தபோது இருந்த முகம்தான் ஞாபகம். நாம் பேசியது அவ்வளவுதான். "அக்கா." "என்னடி?" அப்புறம் வண்டி.

அந்த டாக்டரம்மா சொன்னதையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நாடியே கிடைச்சிருக்காது." நாளை வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். நாளை எப்போது வரும் என்று சொல்லவில்லை.

இன்று அறையைத் திறந்தேன், தனியாக. உன் சாவி, என் சாவி. மாமாவின் சட்டத்தை மீறிவிட்டேன், மன்னிக்கட்டும்.

படுக்கை அப்படியே இருக்கிறது. அம்மாவின் மூக்குக்கண்ணாடி, தலையணைப் பக்கத்தில். குளியலறைக் கதவைத் தள்ளினேன். முகத்தில் வந்து மோதின.

குழாய்க்கு அடியில் அம்மாவின் நீல டிரம். ததும்பத் ததும்ப. சொட்டு விழுந்துகொண்டே இருக்கிறது. தெளிந்த தண்ணீர் அக்கா, அடிவரை தெரிகிறது. முழுக்க நெளிகிறது. டார்ச் அடித்ததும் எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்கின. கொஞ்ச நேரத்தில் ஒன்றாக மேலே வந்தன.

நீ வால்வை மூடினாய். அம்மா அறைக்கு. ஆனால் அதே குழாய்தான் மாடிக்கும் போகிறது. எனக்குத் தண்ணீர் வரவில்லை. நீ வேண்டுமென்றே செய்தாய் என்று நினைத்துத் திறந்தேன். என் முதல் கடிதத்தில் ஒரு பாதி இருக்கிறது, உன் பதிலில் மறுபாதி இருக்கிறது. இருவரும் படித்தோம். கோபத்துக்குத் தேவையானதை மட்டும் படித்தோம்.

குளியலறையின் சின்ன ஜன்னலில் ஒரு கண்ணாடிப் பட்டை இல்லை. அது படித் திருப்பத்துக்குத் திறக்கிறது. அதற்குக் கீழேதான் அவள் உட்காருவாள். பகலில். நாம் எழுதி முடிக்கும்வரை. கணுக்காலைச் சொறிந்துகொண்டு.

என் பதில்கள் அத்தனை நீளம் என்று நீ சொன்னாய்.

அறையின் பெரிய ஜன்னலில் வலை கிழிந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே மெக்கானிக்கின் பட்டறை. அவர் குனிந்து வேலை செய்யும் இடம். என் சைக்கிள் அங்கேதான் நிற்கிறது, ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

தங்கை

•

அக்டோபர் 19

தங்கச்சி,

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், காகிதம் இல்லை. முதலில் நல்ல செய்தி. காலையில் சுண்டு சிறுநீர் போனாள். நர்ஸம்மா அதற்குப் போய்க் கை தட்டினாள். நாடி நன்றாக இருக்கிறதாம். டாக்டரம்மா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "கண்டத்தைத் தாண்டிட்டா. ஆனா இன்னும் ரெண்டு நாள் எங்ககூடதான்." நான் அவள் காலில் விழப்போனேன், தடுத்துவிட்டாள்.

கண் திறந்ததும் அவள் கேட்டது: "அம்மா, நீயும் சித்தியும் பேசிட்டீங்களா? அப்ப எனக்கு வேலை போச்சா?"

உன் கடிதத்தைப் படித்தேன். கழிப்பறையில் போய்ப் படித்தேன். அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். அக்காவாகச் சொல்கிறேன். அந்த டிரம்மைக் கவிழ்த்துவிடு. அறையைத் துடைத்துவிடு. யாரிடமும் ஒன்றும் சொல்லாதே. நகராட்சி ஆளிடமும் சொல்லாதே. முக்கியமாகப் பக்கத்து வீட்டில் சொல்லாதே.

டயரில் தண்ணீர் இருந்திருக்காதா? இருந்திருக்கும். யார் கண்டது? கொசு என்ன முகவரி எழுதிக்கொண்டா பறக்கிறது? தெரு டயர் என்று முடிவு செய்துவிட்டது. டயரும் போய்விட்டது. அவனும் போய்விட்டான். சொல்லி அவன் திரும்பி வரப்போகிறானா? நான் அவள் வாசலில் நின்று என்ன பேசினேன் என்று உனக்குத் தெரியும். அதே தெருவில்தான் நான் இருக்க வேண்டும், அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் சுண்டு போக வேண்டும். அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

நம் பிள்ளை பிழைத்துவிட்டாள். அதோடு விடு. கும்பிட்டுக் கேட்கிறேன்.

அக்கா

•

அக்டோபர் 20

அக்காவுக்கு,

அவள் சிறுநீர் போன செய்தியை நின்ற இடத்திலேயே நாலு முறை படித்தேன். உலகத்தில் யாரும் யாருக்கும் இவ்வளவு நல்ல வரியை எழுதியிருக்க மாட்டார்கள். வேலை போய்விட்டது என்று அவளிடம் சொல். இனி படியில் உட்கார வேண்டாம். நான் வந்து வாயால் சொல்கிறேன்.

வால்வை மூடிவிட்டேன். டிரம்மைக் கவிழ்த்தேன். கவிழ்த்தால் மட்டும் போதாது, முட்டை பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், தண்ணீர் பட்டதும் உயிர் வரும். அதனால் பிரஷ் போட்டுத் தேய்த்தேன், விரல் தோல் உரியும்வரை. வெயிலில் குப்புறப் போட்டிருக்கிறேன். நகராட்சி ஆள் வந்தான். திறந்து காட்டினேன். பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கதவில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைக் கையாலேயே அழித்துவிட்டுப் போனான்.

டயரிலும் இருந்திருக்கலாம். நீ சொல்வது சரி. டயரை யாரும் பார்க்கவில்லை, அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் டிரம்மை நான் பார்த்தேன்.

இதை எழுதும்போது ஜன்னல் திறந்திருக்கிறது. மெக்கானிக்கின் மனைவி மறுபடி வாசலைத் தேய்க்கிறாள். காலையிலிருந்து மூன்றாவது தடவையோ என்னவோ. பட்டறைக் கூரைமேல் ஏறி, டயர்கள் கிடந்த இடத்தைக்கூடத் தேய்த்திருக்கிறாள், வெள்ளையாகத் தெரிகிறது. தன் கணவனைத் தன் வீடுதான் கொன்றது என்று நம்புகிறாள். நாம் நம்ப வைத்திருக்கிறோம். நீ வாயால். நான் வாயைத் திறக்காமல்.

உன்னை மீறுவதற்காக இல்லை இது. நீ என்ன பேசினாய் என்று நான் சொல்லமாட்டேன், அது நீ சொல்ல வேண்டியது. தண்ணீர் எங்கே இருந்தது என்று மட்டும் அவளிடம் சொல்வேன். நீ வீட்டுக்கு வரும்போது என்மேல் கோபமாக இருப்பாய். இருந்துகொள். ஆனால் இந்தமுறை வாயால் திட்டு. கதவுக்கடியில் போடாதே.

நாளை பையில் சுண்டுவின் பென்சிலும் இருக்கும்.

தங்கை

மடித்த பிறகு சேர்த்தது:

கீழே இறங்கினேன். அம்மா அறைக் கதவு திறந்திருந்தது, அப்படியே விட்டேன். மெக்கானிக் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "சைக்கிளுக்கா வந்தே?" என்றாள். இல்லை என்றேன். உள்ளே போய் உட்கார்ந்தேன்.